உறக்கத்தில் மூச்சுத் தடை: பல் கருவியின் பயன்

உரத்த குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கருதுவோர் பலர். உண்மை பல வேளைகளில் இதற்கு நேர்மாறானது. உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னோக்கிச் சரிவதால் மூச்சுப் பாதை அடைபடுகிறது. 10 விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சு நிற்க, மூளை உறங்குபவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. இதை முதலில் அறிபவர் நோயாளி அல்லர். பெரும்பாலும் அருகில் படுத்திருப்பவரே. மூச்சு நிற்பதும் குறைவதுமாக மணிக்கு 30 முறைக்கு மேல் நிகழுமாயின் நோய் கடுமையானதாகும். வண்டியோட்டும்போது கண்ணயர்வதும் உயர் இரத்த அழுத்தமும் இதனால் நேரக்கூடியவை.

1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவனும் அவர்தம் குழுவினரும் அறிவித்த காற்றழுத்த முறையே இன்றும் முதன்மைச் சிகிச்சை. ஆனால் முகமூடியை இரவெல்லாம் அணிந்திருக்கப் பலரால் இயல்வதில்லை; மின்சாரமும் தேவை. அத்தகையோருக்குப் பல் கருவி கைகொடுக்கிறது. பல் மருத்துவர் இரு தாடைகளுக்கும் அச்செடுத்து, அவரவர் பற்களுக்குப் பொருந்தும் தகடுகளை அக்ரிலிக்கில் செய்விக்கிறார். இவை கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்த, அதனோடு இணைந்த நாக்கும் முன்னே வருகிறது, பாதை திறக்கிறது. ஒரே நாளில் முழு அளவும் நகர்த்துவதில்லை. வாரக்கணக்கில், சிறிது சிறிதாகவே முன்னேற்றுவர். கடையில் வாங்கி வெந்நீரில் இளக்கிக் கடித்துக்கொள்ளும் வகைகள் இதற்கு ஈடாகா.

போதிய பற்கள் இல்லாதோருக்கு இக்கருவி ஏற்றதன்று. தாடை வலியும், ஆண்டுகள் செல்லச் செல்லப் பல் வரிசை சற்று மாறுவதும் உண்டு. குறட்டை நின்ற பின்னும் மூச்சுத் தடை தொடரலாம் என்பதே பெரிய இடர். ஆகவே, கருவி பொருத்துமுன் உறக்கப் பரிசோதனையும், சரிசெய்து முடித்தபின் அதை அணிந்தபடியே மறு பரிசோதனையும் இன்றியமையாதன.