தலைகீழாகக் கவிழ்ந்த கப்பலை நிமிர்த்தி வைத்த புயல்!

கடலுக்கு அடியில் மீன் மாளிகை: உள்ளே புகுந்த 3 பேர் பலி

கப்பல் மூழ்கினால் காப்பாற்ற ஓடுவார்கள். காசைச் செலவழித்து, நாள் குறித்து, கப்பலை மூழ்கடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்! அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த கீ லார்கோ தீவுக்கு அருகே 2002-ம் ஆண்டு இது நடந்தது.

கப்பலின் பெயர் "ஸ்பீகல் குரோவ்." அமெரிக்கக் கடற்படைக் கப்பல். 1956-ல் வேலைக்கு வந்து 1989-ல் ஓய்வு பெற்றது. நீளம் 510 அடி. சென்னை அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் போல மூன்றைப் படுக்கவைத்து வரிசையாகப் போட்டால் ஏறக்குறைய அவ்வளவு நீளம் வரும்.

பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டிய கிழட்டுக் கப்பல். அதற்கு 10 லட்சம் டாலருக்கு மேல் செலவு செய்து கடலுக்குள் அனுப்புவானேன்?

மீனுக்கு வீடு

வெறும் மணல் தரையில் மீனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இரும்புக் கப்பல் ஒன்று அங்கே போய் உட்கார்ந்தால் கதையே வேறு. முதலில் பாசி படரும். கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு, பவளம் என்று ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ளும். பொடி மீன்கள் சந்து பொந்துகளில் குடியேறும். அதுகளைத் தின்ன சீலா, கலவா போன்ற பெரிய மீன்கள் வந்து சேரும்.

தமிழகக் கடலோரத்திலும் சிமெண்ட் கூடுகளை இறக்கி மீன் சேர்க்கிறார்கள். அங்கே கப்பல், இங்கே சிமெண்ட். அவ்வளவுதான் வித்தியாசம்.

மீனைப் பார்க்க ஆள் வரும். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குகிறவர்கள் வந்தால் படகுக்காரர், ஓட்டல்காரர் எல்லோருக்கும் வியாபாரம்.

அவசரப்பட்ட கப்பல்

எண்ணெயை வழித்தெடுத்தார்கள். வயர்களை உருவினார்கள். முங்குகிறவர்கள் போய் வர வசதியாகப் பக்கங்களில் வழி வெட்டினார்கள். எல்லாம் தயார்.

ஆனால் மே 17-ந் தேதி, குறித்த நேரத்துக்கு முன்பே கப்பல் தானாக மூழ்க ஆரம்பித்துவிட்டது! வேலையாட்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். கப்பல் தலைகீழாகக் கவிழ்ந்தது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது.

மூன்று வாரம் கழித்து, காற்றுப் பைகளைக் கட்டி எப்படியோ புரட்டினார்கள். வலது பக்கம் சாய்ந்து படுத்துக்கொண்டது. அதோடு சரி.

2005 ஜூலையில் அந்தப் பக்கம் "டென்னிஸ்" என்ற புயல் அடித்தது. ஓய்ந்த பிறகு முங்கிப் பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். கப்பல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது! மனுஷன் திணறிய வேலையைப் புயல் காலணா வாங்காமல் முடித்துவிட்டது.

இருட்டு அறைகள்

கப்பல் இருக்கும் இடத்தில் கடல் தரை 130 அடி ஆழம். அங்கே அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் 5 மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வருகிற காற்று, அங்கே 12 நிமிஷத்தில் காலி. 100 அடிக்குக் கீழே சிலருக்குச் சாராயம் குடித்தாற்போல் கிறுகிறுப்பு வரும். பயந்து வேகமாக மேலே வந்தாலும் ஆபத்து. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் ரத்தத்தில் குமிழி கிளம்பும்.

கப்பலின் வெளிப்புறத்தைச் சுற்றி வருவதற்கே இவ்வளவு பாடு. உள்ளே போனால் கேட்க வேண்டாம். அறைகளில் வண்டல் படிந்து கிடக்கிறது. காலில் மாட்டிய துடுப்பால் ஒரு உதை உதைத்தால் போதும், எல்லாம் கலங்கிவிடும். கையிலே விளக்கு இருந்தும் வந்த வழி தெரியாது.

2007 மார்ச்சில் நியூஜெர்ஸி மாநிலத்திலிருந்து வந்த 4 பேர் இந்தக் கப்பலுக்குள் ஆழமாகப் போனார்கள். வெளியே வழிகாட்டும் கயிறு கட்டவில்லை. ஒருவர் தப்பி வந்தார். மற்ற 3 பேரும் உள்ளேயே இறந்துபோனார்கள்.

முங்குகிறவர்கள் இன்றும் அங்கே போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். உள்ளே போகத் தனிப் பயிற்சி உண்டு. வாசலில் கயிற்றின் ஒரு நுனியைக் கட்டிவிட்டு, விட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு விளக்கு அணைந்தால் இன்னொரு விளக்கு வேண்டும். சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு காற்று தீர்ந்ததும், எந்த அதிசயம் எதிரே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு. மூன்றாவது பங்கு, வழி தவறினால்!