கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர்ப் பாம்பு: விநோதமா, விபரீதமா?

கம்பளை நகரைத் தழுவிச் செல்லும் மகாவலி கங்கையும், அதில் வந்து கலக்கும் ஓடைகளும், அவற்றை அண்டிய வயல்வெளிகளும் தண்ணீர்ப் பாம்புகளின் வாழிடங்களாகும். மழைக்காலத்தில் வாய்க்கால் ஓரம் விளையாடும் சிறுவர்களுக்கு இப்பாம்பு புதியதன்று. அதனைப் பிடித்துப் போத்தலில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவருவோரும் உண்டு. அலங்கார மீன் வளர்ப்பு பரவலாகிவிட்ட இக்காலத்தில், மீன் தொட்டியில் பாம்பை வளர்த்தால் என்ன என்ற ஆசை இளைஞர் சிலரிடம் எழுவதில் வியப்பில்லை. அது நீரில் வாழ்வது, மீனை உண்பது, விஷமற்றது. ஆகவே மீன் தொட்டியே அதற்குப் போதும் என்பது அவர்களது கணக்கு. இக்கணக்கு மூன்று இடங்களிலும் பிழைத்துப் போகின்றது.

முதலில் இப்பாம்பு எது என்பதை அறிந்துகொள்வோம். நமது வயல்களில் அதிகம் காணப்படுவது, உடலில் கரும்புள்ளிகள் சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போன்று அமைந்த இனமாகும். பூலஞ்சர் என்ற விலங்கியலாளர் 1891 ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். நீண்டகாலம் இந்தியாவின் நீர்க்கோலியுடன் சேர்த்தே எண்ணப்பட்ட இது, இன்று இலங்கைக்கே உரிய பாம்பாகக் கொள்ளப்படுகின்றது. சிங்கள மக்கள் இதனைத் 'திய நயா' என்றும் 'திய பொலங்கா' என்றும் அழைக்கின்றனர். 'நயா' என்பது நாகம். 'பொலங்கா' என்பது விரியன். விஷமற்ற ஒரு பிராணிக்கு இரு கொடிய பாம்புகளின் பெயர்கள் வாய்த்திருப்பது மக்களின் அச்சத்தையே காட்டுகின்றது. நெருக்கப்படும்போது இது கழுத்தைத் தட்டையாக்கிச் சீறும். அதனை நாகமெனக் கருதி அடித்துக் கொல்வோர் பலர்.

இனி, 'நீரில் வாழ்வது' என்ற முதலாவது எண்ணத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர்ப் பாம்பு மீனைப் போன்று நீரிலேயே சுவாசிப்பதில்லை. அதற்கு நுரையீரல் உண்டு. காற்றுக்காக அது மேலே வந்தாக வேண்டும். நீரில் இரை தேடினாலும், கரையில் ஏறி வெயில் காய்ந்து, உடலை உலர்த்தி, பொந்துகளில் ஓய்வெடுத்து, நிலத்திலேயே முட்டையிடுகின்றது. கரையில்லாத தொட்டியில் இடைவிடாது நனைந்துகொண்டிருக்கும் பாம்பின் தோலில் கொப்புளங்கள் தோன்றிப் பின்னர் அழுகத் தொடங்கும். அதன் கழிவினால் நீரில் அமோனியா பெருகுவது இந்நோயை மேலும் விரைவுபடுத்தும்.

மலையகத்தின் குளிரையும் மறந்துவிடலாகாது. மார்கழி, தை மாத இரவுகளில் தொட்டி நீர் நன்கு குளிர்ந்துவிடும். பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கும் பிராணியன்று. குளிரில் அதன் செரிமானம் தடைப்பட்டு, விழுங்கிய மீன் வயிற்றிலேயே அழுகக்கூடும். அதற்காக நீரில் வெப்பமூட்டியை மூடியின்றி வைத்தால், அதனைச் சுற்றிக்கொள்ளும் பாம்பின் தோல் வெந்துவிடும். வடிகட்டியின் குழாய்க்காக மூடியில் விடப்படும் சிறு இடைவெளியே பாம்பு தப்பியோடும் வழியாகவும் அமைந்துவிடுகின்றது.

இரண்டாவது, 'மீனை உண்பது' என்ற எண்ணம். வயலில் இப்பாம்பு மீனுடன் தவளையையும் தலைப்பிரட்டையையும் உண்கின்றது. வீட்டிலோ குளிரூட்டிய மீன் துண்டுகளே பெரும்பாலும் கிடைக்கும். சிலவகை மீன்களின் தசையில் தயமினேஸ் என்ற நொதியம் உண்டு. அது விற்றமின் பீ1 ஐ அழித்துவிடுகின்றது. இத்தகைய மீனையே மாதக்கணக்கில் உண்ணும் பாம்புக்கு நரம்புத் தளர்ச்சி ஏற்பட்டு, வலிப்புக் கண்டு இறக்க நேரிடும். பட்டினியால் இறந்ததென வளர்ப்பவர் எண்ணுவார். உண்மையில் வயிறு நிறைந்திருந்தும் ஊட்டமின்றியே அது மடிகின்றது.

மூன்றாவது, 'விஷமற்றது' என்ற நம்பிக்கை. இதுவே ஆபத்தானது. நமது தண்ணீர்ப் பாம்பின் கடி உயிருக்கு ஆபத்தானதல்ல என்பது உண்மையே. ஆயினும் வாய்க்காலில் கைவிடும் சிறுவனுக்குப் பாம்புகளை வேறுபடுத்தி அறியும் ஆற்றல் உண்டா? ஜப்பானின் வயல்வெளிகளில் தவளை உண்டு வாழும் யமகாகசி என்ற பாம்பு நெடுங்காலம் தீங்கற்றதெனவே கருதப்பட்டது. 1984 ஆம் ஆண்டில் அதன் கடிக்கு இலக்கான பாடசாலை மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதன் விஷம் இரத்தம் உறைவதைத் தடுத்துவிடுகின்றது. இலங்கையின் மழைக்காடுகளில் வாழும் அதன் உறவினமான பாம்பொன்றும் இத்தகைய விஷத்தைக் கொண்டதே. 2012-2013 காலப்பகுதியில் நாடளாவிய ரீதியில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, இலங்கையில் ஆண்டொன்றுக்குச் சுமார் 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாவதாகவும், அவர்களில் 400 க்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. எனவே, இனம் தெரியாத பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்வதே அறிவுடைமையாகும்.

கடியாத பாம்பிடமும் ஓர் அபாயம் உண்டு. ஊர்வனவற்றின் குடலில் சல்மொனெல்லா என்ற நுண்கிருமி வாழ்கின்றது. தொட்டி நீரைச் சமையலறையில் ஊற்றுவதன் மூலமும், தொட்டியில் கைவிட்டபின் கழுவாது உண்பதன் மூலமும் அது மனிதரைத் தொற்றும். சிறு ஆமைகளை வளர்த்த வீடுகளில் குழந்தைகள் இக்கிருமியால் நோயுற்றமையினாலேயே, அமெரிக்கா 1975 ஆம் ஆண்டில் 10 சென்ரிமீற்றருக்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊர்வன வளர்த்தல் ஆகாது என்பதே சுகாதாரத் துறையினரின் அறிவுரை.

அவ்வாறாயின் முழுமையாக நீரிலேயே வாழும் பாம்பு இல்லையா? உண்டு. தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் ஆகிய நாடுகளில், மூக்கின் நுனியில் இரு தும்பிகளையுடைய பாம்பொன்று வாழ்கின்றது. மீன் வெருண்டு எத்திசையில் திரும்புமென முன்கூட்டியே அறிந்து, அத்திசையில் தன் தலையை நீட்டி அது பிடிக்கின்றது என்பதைக் கனத் கட்டானியா என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009 ஆம் ஆண்டில் விளக்கினார். மேலைநாடுகளில் அனுபவமிக்கோர் இதனைத் தொட்டியில் வளர்க்கின்றனர். எனினும் இப்பாம்பும் வாழும் கம்போடியாவின் தொன்லே சாப் ஏரியில், 1999-2000 காலப்பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 69 இலட்சம் நீர்ப்பாம்புகள் பெரும்பாலும் முதலைப் பண்ணைகளுக்கு இரையாகப் பிடிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. அதனுடன் வளர்ப்போரின் ஆசையும் சேர்வது நன்றன்று. வெளிநாட்டுப் பாம்பொன்று தப்பி மகாவலியில் சேர்ந்துவிட்டால், அதனால் நம் மீன்வளத்துக்கு நேரும் தீங்கை எவராலும் எளிதில் நீக்கிவிட முடியாது.

வனசீவராசிகளைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்கும், 1993, 2009 ஆம் ஆண்டுகளின் திருத்தங்களுக்கும் உட்பட்டவை. ஆகவே ஒரு பாம்பைத் தொடுவதற்கு முன்னர் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்திடம் விசாரித்தறிவது அவசியம்.

பூனையொன்றை அடைத்துவைத்து, உணவும் கொடாது, தானே இரை தேடவும் விடாது மடியச் செய்த பெண் தண்டனைக்குரியவளானாள் என்ற நபிமொழியை முஸ்லிம்கள் அறிவர். ஜீவகாருண்யத்தை அறத்தின் உச்சமாகப் போற்றுவது தமிழர் மரபு. வளர்க்கத் தெரியாத உயிரை அடைத்துவைக்கலாகாது என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

பாம்பைக் காண விரும்பும் பிள்ளையின் ஆர்வம் குற்றமன்று. அது விஞ்ஞானத்தின் முதற்படி. அவனைத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு அழைத்துச் செல்லலாம். அதனிலும் எளிது, மழை விட்ட ஒரு மாலையில் பெற்றோர் துணையுடன் வாய்க்கால் வரப்பில் சற்றுத் தள்ளி அசையாது நிற்பதாகும். தவளையைத் துரத்தி நீந்திச் செல்லும் அப்பாம்பை ஒருமுறை பார்த்த பிள்ளை, அதனைத் தொட்டியில் அடைக்கவும் விரும்பமாட்டான். தடியெடுத்து அடிக்கவும் துணியமாட்டான்.