கிரிம்ஸ்பவுண்ட் – ஹூக்னி டோர் நடைவழி

டார்ட்மூர் மேட்டுவெளியில் உங்கள் முன்னே கிடக்கும் கிரிம்ஸ்பவுண்ட் ஊரின் கல்மதில் வெண்கலக் காலத்தது. வயது மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல். உள்ளே 24 வட்ட வீடுகளின் அடித்தளங்கள் உள்ளன. ஒரு வீட்டின் வாசலில், காற்றை மறிக்க வளைத்துக் கட்டிய சுவரைப் பாருங்கள். மதிலின் பெருவாசல் மேட்டை நோக்கியே திறக்கிறது. எதிரிக்கு அஞ்சியவர் அப்படி வைப்பாரா? மந்தைக்காக எழுப்பிய மதில் என்பதே பொருத்தம். 1894-இல் அகழ்ந்தவர்கள் சில சுவர்களைத் திரும்பக் கட்டினார்கள், சற்றுத் தாராளமாகவே.

வடக்கே சிறு ஏற்றம், ஹூக்னி டோர். சுமார் 28 கோடி ஆண்டுப் பழைய கருங்கல் பாறை. ஊரின் முழு வட்டமும் அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.

கற்களை நகர்த்தாதீர்கள். மார்ச் முதல் ஜூலை வரை பறவைகள் தரையில் கூடு கட்டும். நாயைக் கயிற்றில் பிடித்துச் செல்லுங்கள்.