திருத்தப்படும் தலைகள்: சலூன், பள்ளிக்கூடம், தேர்வு

1

சலூன் நாற்காலியில் உட்கார்ந்ததும், துணியைப் போர்த்திக்கொண்டே 'எப்படி வெட்டணும்?' என்று கேட்கிறார்கள். சாதாரணக் கேள்விதான். ஆனால் எல்லாத் தலைகளிடமும், எல்லாக் காலத்திலும் இது கேட்கப்பட்டதில்லை. யாரிடம் கேட்கப்பட்டது, யார் தலையில் கேட்காமலேயே கத்தி வைக்கப்பட்டது, யாருக்கு நாற்காலியே மறுக்கப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினால், ஆண்களின் முடி பற்றிய பேச்சு வெறும் 'ஃபேஷன்' பேச்சாக நிற்காது.

குடுமிக் காலத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. தலை சாதியின் முகவரியாக இருந்தது. முன்குடுமியா பின்குடுமியா என்பது தனிமனித ரசனை அல்ல; சோழியன் குடுமியைப் பற்றிய பழமொழி நாம் எல்லோரும் அறிந்ததே. கிறிஸ்தவர்களானவர்கள் குடுமியை எடுக்க வேண்டுமா என்று மிஷனரிகளுக்குள் சண்டை நடந்தது. கால்டுவெல் 1867 இல் இதற்காகவே ஒரு சிறுநூல் எழுதி, குடுமி மதச்சின்னம் அல்ல என்று வாதிட்டார். ஒரு பிடி முடிக்கு இவ்வளவு இறையியல்!

பிறகு 'கிராப்பு' வந்தது. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் நாக்கு மென்று துப்பிய வடிவம் இது. கிராப்புத் தலையைப் பார்த்துச் சாதி சொல்வது கடினம். அந்த அளவில் அது ஒரு விடுதலைதான். கூடவே சலூன் வந்தது. வீட்டுப் புறக்கடைக்கு வந்து மழித்துவிட்டு, களத்தில் நெல் வாங்கிப்போனவரின் இடத்தில், காசு வாங்கும் கடைக்காரர் நின்றார். பேப்பர் படிக்கவும் அரசியல் பேசவும் பெஞ்சு கிடந்தது. திராவிட இயக்கம் வளர்ந்த இடங்களில் டீக்கடையோடு சலூனையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2

தேர்வு என்ற ஒன்று இங்கேதான் பிறக்கிறது. பாகவதர் கிராப்பு, ஸ்டெப் கட்டிங், பின்கழுத்தில் வழியும் பங்க், சம்மர் கட்டிங் என்று சினிமாவும் தெருவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. 1980 ஆம் ஆண்டு மதுரையைக் காட்ட, 2008 இல் வந்த 'சுப்ரமணியபுரம்' முடியையும் தாடியையும்தான் பெரிதும் நம்பியது.

இன்றைய மோஸ்தர் 'ஃபேட்'. அதன் இயக்கத்தைக் கொஞ்சம் விளக்கலாம். மெஷினில் மாட்டும் சீப்புக்கு எண் உண்டு: 1 என்றால் 3 மில்லிமீட்டர், 2 என்றால் 6, 3 என்றால் ஏறக்குறைய 10. ஜீரோ என்றால் தோல் தெரியும். தோல் தெரியும் இடத்திலிருந்து மேலே போகப்போக, கோடு விழாமல் முடி அடர்ந்துகொண்டே போக வேண்டும். காதோரம் தொடங்கினால் லோ, நெற்றிப்பொட்டு உயரத்தில் தொடங்கினால் மிட், அதற்கும் மேலே என்றால் ஹை. அமெரிக்க ராணுவத்தின் ஒட்ட வெட்டிய தலையிலிருந்து வந்த இந்த முறையைக் கலையாக்கியவை கறுப்பர்களின் சலூன்கள். கால்பந்து வீரர்களின் தலை வழியாக அது உலகம் சுற்றி நம்மூர் சந்துக்கும் வந்து சேர்ந்தது.

நல்ல கைகாரர் பெயரை வைத்து வெட்டுவதில்லை. பக்கத்தில் எத்தனை நம்பர், மேலே எத்தனை விரல் உயரம், கிருதா எங்கே நிற்க வேண்டும், பின்கழுத்து சதுரமா வட்டமா என்று கேட்பார். செல்போனில் படம் காட்டிய ஒரு இளைஞரிடம் ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: "தம்பி, இவனுக்குக் கோரை முடி. உனக்குச் சுருட்டை, ரெண்டு சுழி வேற. இது நிக்காது. மேல கொஞ்சம் விட்டுத் தரேன், அது உனக்குன்னு இருக்கும்." இந்த நான்கு வாக்கியங்களில் இருக்கும் அறிவை நம் அழகியல் கட்டுரைகளில் நான் அதிகம் சந்தித்ததில்லை. பிம்பத்தை நகலெடுக்க வந்தவனிடம் அவனுடைய தலையைத் திருப்பிக் கொடுக்கிறார்.

3

பள்ளிக்கூடம் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. 'பாக்ஸ் கட்டிங்', 'ஸ்பைக்', 'கோடு' வேண்டாம் என்று சுற்றறிக்கை, வாசலில் சோதனை, சில இடங்களில் வளாகத்துக்கே ஆளை வரவழைத்து வரிசையில் நிறுத்தி வெட்டுவது. சிறை, ராணுவம், பள்ளி மூன்றும் உடலைப் பழக்கும் விதத்தை ஃபூக்கோ 1975 இல் எழுதினார். நம்மிடம் அதற்கு ஒரு சொல்லே இருக்கிறது: முடி*திருத்துதல்*. பிழையைத் திருத்துகிற அதே வினை.

ஒரு முரணைக் கவனியுங்கள். ஒழுக்கத்தின் வடிவம் என்று சொல்லப்படும் போலீஸ் கட்டிங்கும், ரவுடித்தனம் என்று சொல்லப்படும் பாக்ஸ் கட்டிங்கும் பக்கவாட்டில் ஏறக்குறைய ஒன்றுதான். அதே மெஷின், அதே நம்பர். மேலே விடும் முடியில்தான் வித்தியாசம். பங்க் காலத்தில் பின்னால் நீளம் குற்றம். இப்போது பக்கத்தில் குட்டை குற்றம். ஆகவே பிரச்சினை நீளம் அல்ல. இந்தத் தலை யாருடையது என்பதே. 2010களின் கடைசியில் 'புள்ளிங்கோ' என்ற சொல் வடசென்னையின் உழைக்கும் வர்க்க இளைஞர்களைக் கேலிசெய்யும் சொல்லாகப் பரவியது. அதே முடி, அதே சாயம் ஐ.டி. அலுவலகத்தில் 'ஸ்டைல்' ஆகிவிடுகிறது. குடிசைப் பகுதிப் பையன் தலையில் ஏறினால் சந்தேக கேஸ். கிராப்பு அழித்த முகவரியை இப்போது வேறு எழுத்தில் எழுதுகிறார்கள்.

4

இந்தக் கதையில் நாம் மறப்பது வெட்டுகிறவரை. மருத்துவர், பண்டிதர், பரியாரி என்று வைத்தியத்தோடு சேர்த்து அழைக்கப்பட்ட சமூகம். பிரசவம் பார்த்த கைகளும் அவர்கள் வீட்டுப் பெண்களுடையவையே. ஆனால் 'செரைக்கப் போ' என்பது இன்றும் வசவு. 'சிரை', 'மயிர்' இரண்டும் பழைய இலக்கியச் சொற்கள். அவற்றைக் கெட்ட வார்த்தையாக்கியது மொழி அல்ல, அத்தொழிலின் மீதான வெறுப்பு. முற்போக்கு மேடைகளிலும் இந்த வசவைக் கேட்கிறோம். சிரிக்கிறோம்.

அதே சமயம், தலித்துகளுக்கு முடிவெட்ட மறுக்கும் கிராமத்துச் சலூன்கள் பற்றிச் செய்தி வந்தபடி இருக்கிறது. 1955 இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டத்திலேயே சேவை மறுப்பு குற்றம். 2015 இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பலவந்தமாக மொட்டையடிப்பதையும் மீசையை எடுப்பதையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. மறுப்பவரைக் குற்றவாளியாக மட்டும் பார்த்தால் போதாது. 'அவனுக்கு வெட்டுன கத்திய எங்க மேல வைக்காதே' என்று மிரட்டும் ஆதிக்கசாதி வாடிக்கையாளர் சட்டத்தின் கண்ணில் அநேகமாகப் படுவதேயில்லை. எய்ட்ஸ் பயம் வந்தபோது கத்தி போய், ஆளுக்கொரு பிளேடு வந்தது. தொற்றுக்குத் தீர்வு கிடைத்துவிட்டது, தீட்டுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது குளிர்பதன 'யூனிசெக்ஸ்' சலூன்களில் பெருமுதல் நுழைந்திருக்கிறது. வெட்டுகிறவர் அங்கே 'ஸ்டைலிஸ்ட்'. பெயர் மாறியதில் ஒரு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடை அவருடையதில்லை. பெஞ்சும் பேப்பரும் அரசியலும் அங்கே இல்லை.

தன் தலையைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை சின்ன விஷயமாகத் தோன்றலாம். நாற்காலி எல்லோருக்கும் உண்டா, கத்தரி பிடித்தவருக்கு மறுக்கவும் பேசவும் இடமுண்டா, பையன் சொல்வதைக் கேட்ட பிறகுதான் மெஷின் ஓடுகிறதா — இந்த மூன்றையும் கேட்காமல் 'எப்படி வெட்டணும்?' என்பதற்குப் பதில் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன்.