தாண்டூர்க் கல்

ஹைதராபாதிலும் சிகந்தராபாதிலும் குடியேறியுள்ள தமிழன்பர்கள், பழைய வீடுகளின் தரையைக் கவனித்திருக்கக்கூடும். நம் ஊர்ப் பக்கங்களில் அடுக்களை மேடைக்குப் பதிக்கும் கடப்பைக்கல் கறுப்பு நிறத்தது. இங்கே கூடத்திலும் முற்றத்திலும் பரவிக் கிடப்பதோ நீலம் கலந்த சாம்பல் நிறக் கல். சில வீடுகளில் வெளிறிய மஞ்சள். இதனைத் தாண்டூர்க் கல் என்றும் ஷாபாத் கல் என்றும் வழங்குவர்.

ஹைதராபாத் பாறைக்குப் பஞ்சமில்லாத நகரம். அப்படியிருக்க, நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கல் வருவானேன்? நகரைச் சூழ்ந்திருப்பது கருங்கல். 1591-இல் எழுந்த சார்மினாரில் பயன்பட்டதும் அதுவே. சுவருக்கும் தூணுக்கும் ஏற்றதாயினும், அதனைக் கையுளி கொண்டு மெல்லிய பலகையாகப் பிளத்தல் அரிது. தாண்டூர்க் கல்லோ சுண்ணாம்புக்கல். பண்டைக் கடலடியில் படிவின்மேல் படிவாக அமைந்தமையால், சுவடியின் ஓலைகளைப்போல் அடுக்கடுக்காக இருக்கிறது. இடையே ஆப்பு இறக்கிக் கடப்பாரையால் நெம்பினால் பலகை பெயர்ந்துவரும்.

ஆனால் கல் இருந்தால் மட்டும் வாணிகம் பிறந்துவிடாது. மாட்டுவண்டியில் நெடுந்தூரம் ஏற்றிச் சென்றால், கல்லின் விலையை வண்டிக்கூலியே விழுங்கிவிடும். 1871-இல் பம்பாயும் சென்னையும் ராய்ச்சூர் வழியாக இருப்புப்பாதையால் இணைந்தன. ஷாபாத் அப்பாதையில் உள்ளது. 1874-இல் வாடியிலிருந்து சிகந்தராபாதுக்கு நிஜாம் அரசின் ரயில் தாண்டூர் வழியே ஓடலாயிற்று. கல்லை ஏற்றிய நிலையங்களின் பெயரே கல்லுக்கும் நிலைத்தது என்று கருத இடமுண்டு.

1956-இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது குல்பர்கா மாவட்டம் மைசூருடன் சேர்ந்தது. அதிலிருந்த தாண்டூர், கோடங்கல் தாலுக்காக்கள் மட்டும் ஆந்திரப் பிரதேசத்துக்கு வந்தன. ஒரே பாறைப் பரப்புக்கு இரண்டு அரசுகள்! இன்று தாண்டூர் தெலங்கானாவிலும் ஷாபாத் கர்நாடகத்திலும் உள்ளன.

சுண்ணாம்புக்கல்லே சிமெண்டுக்கும் மூலப்பொருள். 1936-இல் ஒன்றுகூடி ஏ.சி.சி. நிறுவனமான பத்துக் கம்பெனிகளுள் ஷாபாத் சிமெண்ட் கம்பெனியும் ஒன்று. சிமெண்டு பெருகியபின் மொசைக் தரை வந்தது. பிறகு பளபளக்கும் டைல்ஸ் வந்தன. தன் இனத்துக் கல்லிலிருந்து பிறந்த சிமெண்டே தரைக்கல்லின் சந்தையைக் குறுக்கியது என்பது வேடிக்கைதான். கல்லை நம்பிப் பிழைப்போருக்கு அது வேடிக்கையாகத் தோன்றாது. மழைக்காலத்தில் குழிகளில் நீர் நிறைந்தால் அவர்களுக்கு வேலையில்லை. வேலையுள்ள நாளில் தூசி நெஞ்சுக்குப் பகை.

இன்னொரு கணக்கும் உண்டு. பல இடங்களில் கல்லுக்குமேல் கிடப்பது கரிசல் மண். அம்மண்ணில் விளையும் தாண்டூர்த் துவரைக்கு 2022-இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கல்லை எடுக்க வேண்டுமாயின் அந்த மண்ணை அகற்றியாக வேண்டும். கல் ஒருமுறைதான் விலைபோகும். துவரையோ ஆண்டுதோறும் விளையும். தோண்டிய குழியை மீண்டும் வயலாக்குவது எளிதன்று. நிலத்தைக் குத்தகைக்கு விடும் உழவர் கையில் அன்று பெறும் தொகை பெரிதாகத் தோன்றுவதையும் மறுப்பதற்கில்லை.

இக்கல் பதித்த வீட்டில் வசிப்போர் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். சுண்ணாம்புக்கல்லுக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சைச் சாறும், கழிவறை கழுவும் ஆசிடும் பட்ட இடம் மங்கி அரித்துப்போகும். துடைப்பதற்கு வெறும் தண்ணீரே போதும்.