குழந்தைக்கு எந்தப் பால்பொடி?

பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றும் எங்களிடம் பெற்றோர் மிகுதியாகக் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, "எந்தக் கம்பெனிப் பால்பொடி நல்லது, டாக்டர்?" என்பது. தந்தை மருந்துக் கடை வாசலில் நின்றுகொண்டு தொலைபேசியில் கேட்பதுண்டு. பாட்டி, உறவினர் வீட்டுக் குழந்தை குடித்து நன்கு கொழுத்த டப்பாவின் பெயரைச் சொல்லி, அது சரிதானா என்று கேட்பதுமுண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கான விடை, பலரும் எதிர்பார்ப்பதுபோல் ஒரு பெயராக அமைவதில்லை. காரணத்தை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

டப்பா வாங்குமுன் ஒரு கேள்வி

குழந்தைக்குப் பால்பொடி உண்மையிலேயே தேவைதானா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். "பால் போதவில்லை" என்று கருதிப் பால்பொடி தொடங்கும் தாய்மார் பலருக்குப் பால் போதுமான அளவிலேயே இருக்கிறது. பிறந்த முதல் நாளில் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது; ஒரு வேளைக்குச் சில மில்லிலிட்டர் சீம்பாலே போதுமானது. மூன்றாம் நான்காம் நாளில்தான் பால் பெருகி வரும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் இது சற்றுத் தாமதமாகலாம். குழந்தை அடிக்கடி பால் கேட்பதும், மாலை நேரத்தில் தொடர்ந்து அழுவதும் பால் பற்றாக்குறையின் அடையாளங்கள் அல்ல.

பால் போதுகிறதா என்பதை இரண்டு செய்திகள் தெளிவாகக் காட்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழிக்க வேண்டும். முதல் நாட்களில் குறைந்த எடையை ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குள் மீட்டெடுத்து, அதன்பின் நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை கூட வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்தால் பால்பொடி வேண்டியதில்லை. தேவையின்றி ஒரு வேளை பால்பொடி கொடுத்தால் அந்த வேளை குழந்தை மார்பில் சப்பாது; சப்பாத மார்பில் பால் சுரப்பு குறையும்; குறைந்ததைக் கண்டு மேலும் ஒரு வேளை பொடி சேரும். பல வீடுகளில் தாய்ப்பால் நின்றுபோவது இப்படித்தான்.

யாருக்குத் தேவை?

மறுபுறம், பால்பொடி உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைகளும் உள்ளனர். தாயை இழந்த குழந்தை, தத்தெடுக்கப்பட்ட குழந்தை, புற்றுநோய் மருந்து போன்ற சில சிகிச்சைகளைப் பெறும் தாயின் குழந்தை, தகுந்த உதவிக்குப் பின்னும் பால் போதிய அளவு சுரக்காத தாயின் குழந்தை ஆகியோர் இதில் அடங்குவர். தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பின், முடிவை வீட்டில் தாமே எடுக்காமல் மருத்துவருடன் கலந்து எடுக்க வேண்டும். குறைமாதக் குழந்தைகளுக்கு, தாயின் பால் கிடைக்காதபோது தாய்ப்பால் வங்கியிலிருந்து பெறும் பாலே முதல் தேர்வு. தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இவ்வங்கிகள் இயங்கிவருகின்றன.

இந்நிலையில் உள்ள தாய்மாருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். பால்பொடி கொடுப்பதால் நீங்கள் குறைந்த தாய் ஆகிவிடுவதில்லை. குழந்தை பட்டினி இருப்பதைவிட, சரியாகக் கலந்த பால்பொடி எவ்வளவோ மேலானது. வீட்டில் உள்ள மூத்தோரும் இதைக் குறைசொல்லாமல் துணைநிற்க வேண்டும்.

பெயர்களிடையே வேறுபாடு எவ்வளவு?

பிறந்தது முதல் ஆறு மாதம் வரையிலான குழந்தைகளுக்குரிய முதல் நிலைப் பால்பொடியில் ஆற்றல், புரதம், கொழுப்பு, இரும்புச்சத்து, உயிர்ச்சத்துகள் ஆகியவை எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகள் வரையறுக்கின்றன. ஆகவே முறையான உரிமத்துடன் விற்கப்படும் எந்த முதல் நிலைப் பொடியும் நலமான, நிறைமாதக் குழந்தையின் அடிப்படைத் தேவையை நிறைவு செய்யும். விலை இரு மடங்கு என்பதால் ஊட்டமும் இரு மடங்காகிவிடாது.

விலை உயர்ந்த டப்பாக்களில் மூளை வளர்ச்சிக்கு, எதிர்ப்பாற்றலுக்கு என்று சில கொழுப்பு அமிலங்களும் நன்மை தரும் நுண்ணுயிர்களும் சேர்க்கப்பட்டிருக்கும். இவற்றால் தீங்கில்லை. ஆனால் நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகளில், இத்தகைய கொழுப்பு அமிலங்களால் அறிவு வளர்ச்சியில் உறுதியான கூடுதல் பயன் காணப்படவில்லை. இவற்றுக்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

2022-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு பெரிய தொழிற்சாலை மூடப்பட்டதால் பால்பொடித் தட்டுப்பாடு ஏற்பட்டது. பழகிய டப்பா கிடைக்காமல் தவித்த பெற்றோருக்கு அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் இரண்டு அறிவுரைகள் கூறினர். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடையில் கிடைக்கும் வேறு நிறுவனத்தின் பொடியே போதும் என்பது ஒன்று. எக்காரணம் கொண்டும் கூடுதல் நீர் சேர்த்துக் கொடுக்க வேண்டாம் என்பது மற்றொன்று. நமக்கும் இவ்விரண்டே போதுமானவை.

நான் இங்கு எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1992-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2003-இல் திருத்தப்பட்ட இந்தியச் சட்டம், இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குரிய பால் மாற்றுப் பொருள்களை விளம்பரம் செய்வதையும், தாய்மாருக்கு இலவச மாதிரிகள் வழங்குவதையும், மருத்துவப் பணியாளருக்குப் பரிசுகள் அளிப்பதையும் தடை செய்கிறது. எவரேனும் உங்களிடம் இலவச டப்பா கொடுத்தால், வாங்காமல் எங்களிடம் தெரிவியுங்கள்.

டப்பாவில் பார்க்க வேண்டியவை

• நிலை எண்: பிறந்தது முதல் ஆறு மாதம் வரை எண் 1 உள்ளதையே வாங்க வேண்டும். எண் 2 அதிக ஊட்டமுடையது என்று எண்ணி முன்கூட்டியே மாற்றலாகாது.

• தர ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரிப்புத் தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சீனாவில் 2008-இல் மெலமைன் என்னும் வேதிப்பொருள் கலந்த பால்பொடியால் ஏறத்தாழ மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். ஆறு குழந்தைகள் உயிரிழந்தனர். தவறு நேர்ந்தால் குறிப்பிட்ட டப்பாக்களைத் திரும்பப் பெறத் தொகுதி எண்ணே வழி. ஆகவே உதிரியாகப் பிரித்து விற்கும் பொடியை ஒருபோதும் வாங்கலாகாது.

• தாய்ப்பாலே சிறந்தது என்னும் அறிவிப்பு இருக்க வேண்டும். குழந்தையின் அல்லது தாயின் படம் அச்சிடப்பட்டிருந்தால் அது இந்தியச் சட்டத்திற்கு முரணானது.

• நசுங்கிய, உப்பிய, துருப்பிடித்த டப்பா வேண்டாம்.

தனி வகைப் பொடிகள்

லாக்டோஸ் இல்லாத பொடி, சோயாப் பொடி, புரதம் சிதைக்கப்பட்ட பொடி, குறைமாதக் குழந்தைக்குரிய பொடி எனப் பல வகைகள் கடைகளில் உள்ளன. இவை மருந்துகளைப் போன்றவை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வாங்க வேண்டியவை. குழந்தை அழுகிறது, வாயு சேர்கிறது, பால் கக்குகிறது என்பதற்காக இவற்றுக்கு மாற வேண்டாம். பசும்பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு லாக்டோஸ் இல்லாத பொடி பயன் தராது. ஏனெனில் அதில் அதே புரதம் இருக்கிறது. குறைமாதக் குழந்தைக்குச் சோயாப் பொடி ஏற்றதன்று. வாரம் ஒரு டப்பா என மாற்றிக்கொண்டே இருந்தால் உண்மையான காரணம் மறைந்துபோகும்.

முதல் ஆறு மாதங்களில் பசும்பாலும் ஏற்றதன்று. தாய்ப்பாலைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு புரதம் அதில் உள்ளது. சிறுநீரகங்களுக்கு அது சுமை. இரும்புச்சத்தோ மிகக் குறைவு. ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் போதாது. தெருவில் கறந்து கொடுக்கும் கழுதைப்பால் கிருமித்தொற்றைத் தரலாம். சேனை வைத்தல் என்னும் பெயரில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்கு முன் தேன், நரம்புகளைத் தாக்கும் நச்சுக்கிருமி நோயை உண்டாக்கக்கூடும்.

மாதக் கணக்கு

பொடியைத் தேர்ந்தெடுக்கையில் பெற்றோர் பலர் செய்யாத கணக்கு ஒன்று உள்ளது. முதல் வாரத்திற்குப் பின், பால்பொடி மட்டுமே உணவாகக் கொள்ளும் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 மி.லி. பால் தேவை. நான்கு கிலோ குழந்தைக்கு 600 மி.லி.; அதற்கு 80 முதல் 90 கிராம் வரை பொடி செலவாகும். அதாவது 400 கிராம் டப்பா ஒன்று ஐந்து நாளைக்குக்கூட முழுமையாக வராது. மாதத்திற்கு ஆறு அல்லது ஏழு டப்பாக்கள் தேவை. குழந்தை வளர வளர இது இன்னும் கூடும்.

இக்கணக்கைச் செய்யாமல் விலை உயர்ந்த பொடியைத் தொடங்கும் வீடுகளில் என்ன நிகழ்கிறது என்பதை வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் காண்கிறோம். மாதக் கடைசியில் டப்பா தீரும் நிலை வரும். ஒரு கரண்டிக்கு 30 மி.லி. நீர் என்பது 45 ஆகும், பின் 60 ஆகும். பார்ப்பதற்கு வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தையின் வயிறும் நிரம்பும். எடை மட்டும் கூடாது. இரத்தத்தில் சோடியம் உப்பு குறைந்து வலிப்பு வருவதும் உண்டு. இதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. நல்லதையே கொடுக்க வேண்டும் என்னும் ஆசையும் வருமானமும் பொருந்தாமற்போனதே காரணம்.

ஆகவே, "எந்தப் பொடி நல்லது?" என்பதற்கு எனது விடை இதுதான்: உரிமம் பெற்ற முதல் நிலைப் பொடிகளுள், மாதம் முழுவதும் சரியான அளவில் நீங்கள் வாங்கக்கூடியதும், உங்கள் ஊர்க் கடையில் தடையின்றிக் கிடைப்பதுமான பொடி எதுவோ, அதுவே நல்ல பொடி. அதுவும் இயலாதெனில், நீர் சேர்ப்பதற்கு முன் எங்களிடம் வாருங்கள். தாய்ப்பாலை மீண்டும் சுரக்கச் செய்யும் முயற்சி உள்ளிட்ட வழிகள் உள்ளன.

கலக்கும் முறை

பால்பொடி கிருமியற்ற பொருள் அன்று. குரோனோபாக்டர் என்னும் கிருமி உலர்ந்த பொடியிலும் உயிர்வாழும்; பச்சிளங்குழந்தைக்கு அது மூளைக்காய்ச்சலை உண்டாக்கவல்லது. எனவேதான் உலக சுகாதார நிறுவனம் 70 டிகிரி செல்சியசுக்குக் குறையாத சூடுள்ள நீரில் பொடியைக் கலக்குமாறு கூறுகிறது.

1. கைகளைச் சோப்பினால் கழுவுங்கள். பாத்திரங்களைக் கழுவி, நீரில் கொதிக்க வையுங்கள்.

2. நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, அரை மணி நேரத்திற்குள் பயன்படுத்துங்கள். கேன் தண்ணீரையும் சுத்திகரித்த நீரையும்கூடக் கொதிக்க வைக்கவே வேண்டும்.

3. முதலில் நீரை அளந்து ஊற்றி, அதன்பின் பொடியைச் சேருங்கள். அந்த டப்பாவுடன் வந்த கரண்டியையே பயன்படுத்துங்கள். நிறுவனத்திற்கு நிறுவனம் கரண்டியின் அளவும் நீரின் அளவும் மாறும். கரண்டியைக் குவிக்காமலும் அழுத்தாமலும் தலைதட்டி எடுங்கள். பொடி கூடினால் மலச்சிக்கலும் நீரிழப்பும் நேரும்.

4. பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்த பின் கொடுங்கள்.

5. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கலக்குங்கள். கலந்த பாலை இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். குழந்தை மீதம் வைத்ததைக் கொட்டிவிடுங்கள். மனம் கேட்காவிட்டாலும் கொட்டத்தான் வேண்டும்.

சர்க்கரை, கிரைப் வாட்டர், உரைமருந்து எதையும் பாலில் சேர்க்க வேண்டாம்.

பாலாடையா, புட்டியா?

நம் வீடுகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் பாலாடையும் சங்கும் புட்டியைவிடப் பாதுகாப்பானவை. மூடிய மூலைகள் இல்லாமையால் எளிதில் தூய்மை செய்யலாம். மார்பில் சப்பும் பழக்கத்தையும் அவை குலைப்பதில்லை. குழந்தையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் நுனியை உதட்டோரம் வைத்துச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். படுத்த நிலையிலும், அழும்போதும் ஊற்றலாகாது, புரை ஏறும். புட்டியே பயன்படுத்துவோர் ரப்பர் முனையையும் ஒவ்வொரு முறையும் கழற்றிக் கழுவிக் கொதிக்க வைக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

• குழந்தை பால் குடிக்க மறுத்தல், அல்லது வழக்கத்திற்கு மாறாகச் சோர்ந்து துவளுதல்
• வலிப்பு
• காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப்போதல்
• எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை
• மலத்தில் இரத்தம், பச்சை நிற வாந்தி, தொடர் வயிற்றுப்போக்கு
• மூச்சுத்திணறல், முகம் வீங்குதல், உடலெங்கும் தடிப்பு

பால்பொடி தொடங்கிய குழந்தையை ஒரு வாரத்திற்குள் எடை பார்க்க அழைத்து வாருங்கள். வரும்போது டப்பாவையும் கரண்டியையும் கையோடு கொண்டு வாருங்கள். பால் கலந்து கொடுப்பவர் பாட்டியாக இருந்தால் அவரும் உடன் வரட்டும். எங்கள் செவிலியர் முன்னிலையில் ஒருமுறை கலந்து காட்டினால், திருத்த வேண்டியது ஏதேனும் இருப்பின் அங்கேயே திருத்திக்கொள்ளலாம்.