முக நரம்பு வலிக்கு ரெய்கி, பிராண சிகிச்சை பயன்படுமா?

பல் துலக்கும்போதும், உணவை மெல்லும்போதும், இருசக்கர வாகனத்தில் செல்கையில் கன்னத்தில் காற்று படும்போதும் முகத்தின் ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்வதுபோல் வலி வெட்டுகிறதா? சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ நின்று, மீண்டும் வருகிறதா? இது முக்கிளை நரம்பு வலியாக இருக்கலாம். மருத்துவச் சீட்டில் ‘டிரைஜெமினல் நியூரால்ஜியா’ என்று குறிப்பிடுவர். பெரும்பாலானோருக்கு மூளைத்தண்டின் அருகே இரத்தக்குழாய் ஒன்று அந்நரம்பை அழுத்துவதே காரணம். சொத்தைப் பல் என்றெண்ணி நல்ல பற்களையும் பிடுங்கிக்கொண்ட பின்னரே இதனை அறிய வருவோர் உண்டு.

நாட்பட்ட வலியால் தளர்ந்தவர்கள் ரெய்கி, பிராண சிகிச்சை போன்றவற்றை நாடுவது இயல்பே. ரெய்கி 1922-இல் ஜப்பானில் மிகாவோ உசுயி தொடங்கியது. பிராண சிகிச்சையைப் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த சோவா கொக் சுயி பரப்பினார். உடலைச் சூழ்ந்த உயிராற்றலைக் கைகளால் உணர்ந்து சீர்செய்வதாக இவை கூறுகின்றன. அத்தகைய ஆற்றலை எக்கருவியும் அளந்ததில்லை. 1998-இல் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு சோதனை வெளியானது. இதே கருத்தை அடிப்படையாகக் கொண்ட மற்றொரு முறையைச் செய்யும் 21 பேர், திரைக்கு அப்பால் தங்களது எந்தக் கையின் மேல் மற்றொருவர் கை உள்ளது என்று கூற வேண்டும். அவர்கள் சரியாகக் கூறியது 44 விழுக்காடு மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு ஊகித்திருந்தாலும் பாதி சரியாகியிருக்கும்!

அப்படியெனில் ‘எனக்குக் குணமானதே’ என்போர் பொய் சொல்கிறார்களா? இல்லை. இவ்வலி தானாகவே வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஓய்ந்திருக்கும் தன்மையுடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதே எவரும் சிகிச்சையாளரிடம் செல்கின்றனர். அடுத்து வரும் ஓய்வுக்காலத்தின் பெருமை அவரைச் சேர்கிறது. இடர் இங்குதான் உள்ளது. குணமாகிவிட்டதென மாத்திரையை நிறுத்தியவருக்கு வலி திரும்பக்கூடும்.

அமைதியாகப் படுத்திருப்பதால் மனஇறுக்கமும் அச்சமும் தணிந்தால், மருந்துடன் சேர்த்து அதனை மேற்கொள்வதில் தவறில்லை. முகத்தைத் தொடவோ அழுத்தவோ வேண்டாமென முன்னரே கூறிவிடுங்கள். மெல்லிய தொடுதலே வலியைத் தூண்டும். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும், முழுக் குணத்திற்கு உறுதியளித்து முன்பணம் கேட்பவரிடமும் மீண்டும் செல்லாதீர்கள்.

முதல் மருந்து பெரும்பாலும் கார்பமாசெபைன். இது தலைச்சுற்றலும் உறக்கமும் தரலாம். ஆகவே நாமக்கல் பகுதியில் லாரி ஓட்டும் அன்பர்கள் தம் தொழிலை மருத்துவரிடம் தவறாது தெரிவிக்க வேண்டும். தொடக்க வாரங்களில் தோல் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் தோன்றினால் அடுத்த வேளை மாத்திரையை உட்கொள்ளாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். மற்ற காரணங்களுக்காக அளவை நீங்களாகவே மாற்ற வேண்டாம். மருந்து போதாதபோது அறுவை சிகிச்சை வழிகளும் உள்ளன.

முகம் மரத்துப்போதல், ஒரு காது கேளாமை, இருபக்க வலி, இளவயதில் தொடங்கிய வலி ஆகியவற்றுக்கு எம்.ஆர்.ஐ. பரிசோதனை தாமதமின்றித் தேவை. வாய் திடீரெனக் கோணினால் 108-ஐ அழையுங்கள். மற்றபடி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். வலி வந்த நாள், நேரம், தூண்டிய செயல் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, வேறு சிகிச்சை ஏதேனும் பெற்றிருந்தால் அதனையும் மறைக்காமல் குறித்து எடுத்து வாருங்கள்.